வீட்டுக் கணினியில் சதுரங்க டேபிள்பேஸ் (சில காய்களே மிஞ்சிய ஒவ்வொரு நிலைக்கும் சரியான முடிவைச் சொல்லும் அட்டவணை) உருவாக்கியவர்கள் உண்டா?

குதிரைப்பாய்ச்சல்:
சிசிஜி என்ற டேபிள்பேஸ் வடிவில், ராஜாக்களையும் சேர்த்து ஆறு காய் உள்ள கோப்புகளை இறக்காமல் நானே உருவாக்கினேன். 16 ஜிபி ரேம். அதில் யானை, குதிரைக்கு எதிரே இரண்டு குதிரை, அந்த ஒரு அட்டவணையை மட்டும் மறக்க முடியவில்லை. பாதியில் ரேம் போதாமல் டிஸ்க்கைப் பயன்படுத்தும் ஸ்வாப் ஆரம்பித்துவிட்டது. டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது, மவுஸ் அம்பு அசையவில்லை. கணக்குப் போட்டால் காரணம் புரியும். சமச்சீராக வருவதைக் கழித்தால் இரு ராஜாக்களுக்கும் 462 அமைப்புகள். மற்ற நான்கு காய்க்கும் தலா 64 கட்டம். மொத்தம் 775 கோடி நிலைகள். நிலைக்கு ஒரு பைட், நகர்த்தும் முறை யாருடையது என்று இரு தரப்புக்கும் சேர்த்து 15.5 ஜிபி. அப்புறம் இயங்குதளத்துக்கு என்ன மிஞ்சும்? டெஸ்க்டாப்பையே நிறுத்திவிட்டு வெறும் டெர்மினலில் மறுபடி ஓட்டினேன். விடியும்போது பதில் வந்தது: காய் வெட்டும் வரை அதிகபட்சம் 243 நகர்வு. 1991ல் கணினி ஆய்வாளர் லூயிஸ் ஸ்டில்லர் கனெக்‌ஷன் மெஷின் என்ற சூப்பர் கணினியில் கண்ட அதே எண்! உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஏழாம்வரிசை:
அண்ணா, ஆறு காய் மொத்தமும் 150 ஜிபிதான், இறக்கினால் முடிந்தது. எங்களுக்கு ஆசை ஏழு காயில். ஒரு காய் கூடினால் 64 மடங்கு, அதாவது 1 டெராபைட் (டிபி) ரேம். வாடகை சர்வர் விலையைப் பார்த்ததும் நண்பன் பேசாமல் லேப்டாப்பை மூடினான். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. 2012ல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் லமனோசவ் சூப்பர் கணினியில் செய்தது 140 டிபி. 2018ல் போஜுன் குவோ சிசிஜி வடிவில் முடித்தது சுமார் 18 டிபி. தனி ஆள் வீட்டில் செய்கிற வேலையா இது?

கோட்டைச்சுவர்:
"இறக்கினால் முடிந்தது" என்பதை ஏற்க மாட்டேன். நான் இறக்கிய கோப்பு ஒன்று கெட்டுப்போய், ஜெயிக்க வேண்டிய நிலையை என்ஜின் (சதுரங்கம் ஆடும் நிரல்) டிரா என்றது. அதனால் செக்சம் (கோப்பு கெடவில்லை என்று சரிபார்க்கும் எண்) பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள். வெற்றி, டிரா, தோல்வி சொல்லும் கோப்புகளை எஸ்எஸ்டியில் வையுங்கள், தேடலின் நடுவே என்ஜின் அவற்றைத்தான் ஓயாமல் தொடும். தூரம் சொல்லும் கோப்புகள் சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் இருக்கலாம். உருவாக்குபவர்கள் முடிந்தால் பிழையைத் தானே திருத்தும் ஈசிசி ரேம் போடுங்கள், ஒரு பிட் புரண்டாலும் பிழை பின்னால் வரும் நிலைகளுக்கும் பரவும். யுபிஎஸ் கட்டாயம். கரண்ட் போனால் ஓடிக்கொண்டிருந்த அட்டவணை முதலிலிருந்துதான்.

குதிரைப்பாய்ச்சல்:
யுபிஎஸ் இருக்கிறது நண்பரே. தம்பி ஏழாம்வரிசை, இறக்கினால் அட்டவணை கிடைக்கும், சரி. செக்மேட்டிலிருந்து ஒவ்வொரு நகர்வாகப் பின்னோக்கி அது கட்டப்படுவதைப் பார்ப்பது கிடைக்காது. அடுத்து யானை, மந்திரிக்கு எதிரே இரண்டு குதிரை ஓடுகிறது. ஸ்டில்லருக்கு 223 வந்தது.