ரெட் பேரன் (1990): டாஸ்பாக்ஸில் விமானம் தானாக இடப்பக்கம் சாய்கிறது, உதவி தேவை

வானம்பாடி:
வணக்கம். டைனமிக்ஸ் நிறுவனத்தின் பழைய முதல் உலகப் போர் விமான ஆட்டமான ரெட் பேரனை, டாஸ் காலத்து ஆட்டங்களை இன்றைய கணினியில் ஓட்டும் டாஸ்பாக்ஸ் நிரலில் ஆடுகிறேன். மெனு எல்லாம் ஒழுங்காக வருகிறது, பறக்கத் தொடங்கினால்தான் தொல்லை. ஜாய்ஸ்டிக்கைத் தொடாமல் விட்டாலும் விமானம் இடப்பக்கமே சாய்கிறது. விண்டோஸில் சோதித்தால் ஜாய்ஸ்டிக் சரியாக நடுவில் நிற்கிறது. ஆட்டமும் தலைதெறிக்க ஓடுகிறது. எதிரி குறிக்குள் வந்தான் என்பதற்குள் தாண்டிப் போய்விடுகிறான். டாஸ்பாக்ஸின் வேக அமைப்பான சைக்கிள்ஸ் மேக்ஸில் (உச்சத்தில்) இருக்கிறது. இன்னொன்று, நியூபோர்ட் 17 என்ற இரட்டை இறக்கைப் போர் விமானத்தில் செங்குத்தாக டைவ் அடித்தால் இறக்கை பிய்ந்துபோகிறது. ஒரு குண்டுகூடப் படவில்லை! கோப்பு ஏதாவது கெட்டுவிட்டதா?

பழையடாஸ்:
முதலில் வேகத்தைச் சரிசெய்யுங்கள். மேக்ஸ் வேண்டாம், 386 சிப் காலத்து ஆட்டம் இது. கான்ஃபிக் கோப்பில் சைக்கிள்ஸை 3000 என்று வைத்து ஆட்டத்தைத் தொடங்குங்கள். பறக்கும்போதே கண்ட்ரோலும் எஃப்12-உம் அழுத்தினால் ஏறும், எஃப்11 என்றால் இறங்கும். எண் ஜன்னலின் தலைப்பில் தெரியும். படம் திக்காமல், வேகமும் இயல்பாக இருக்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

சாய்வதற்கு, அதே கோப்பில் ஜாய்ஸ்டிக் பகுதியில் 'டைம்டு' என்ற வரி ட்ரூ என்று இருக்கும். அதை ஃபால்ஸ் ஆக்குங்கள்.

வானம்பாடி:
நன்றி அண்ணா. வேகம் சரியாகிவிட்டது, விமானமும் நேராகப் போனது. அப்புறம் சைக்கிள்ஸைக் கொஞ்சம் ஏற்றினேன், லேசாகத் திரும்பவும் சாய்கிறது.

பழையடாஸ்:
அப்படித்தான் ஆகும். அந்தக் காலத்தில் ஜாய்ஸ்டிக்கைச் செருகிய கேம்போர்ட், அது இருக்கும் நிலையை எண்ணாகச் சொல்லாது. உள்ளே ஒரு மின்தேக்கி நிரம்ப எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதை வைத்துத்தான் நிரல் நிலையைக் கணக்கிடும். பல ஆட்டங்கள் அந்த நேரத்தை, தாங்கள் எத்தனை சுற்று ஓடினோம் என்று எண்ணியே அளந்தன. சிபியூ வேகம் மாறினால் அதே நடு நிலைக்கு வேறு எண் வரும். அதனால் சைக்கிள்ஸை ஓர் எண்ணில் நிலையாக வைத்துவிட்டு, பிறகு ஆட்டத்துக்குள் ஜாய்ஸ்டிக்கைக் கேலிப்ரேட் செய்யுங்கள், அதாவது அதன் நடு நிலையைப் புதிதாகப் பதியுங்கள். டாஸ்பாக்ஸைத் திறக்கும் முன்பே ஜாய்ஸ்டிக் செருகியிருக்க வேண்டும்.

இருதளம்:
இறக்கை விஷயத்தில் கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, நிம்மதியாக இருங்கள். நிஜ நியூபோர்ட் 17-க்கே அந்தப் பலவீனம் உண்டு. கீழ் இறக்கை மேலதைவிடக் குறுகலானது, உள்ளே அதைத் தாங்கும் நீளச் சட்டம், அதாவது ஸ்பார், ஒன்றே ஒன்றுதான். வேகமான டைவில் அது முறுக்கிக்கொண்டு ஒடியும். அந்த அமைப்பைப் பின்பற்றிய ஜெர்மன் விமானம் ஆல்பட்ராஸ் டி.3-உம் இதே பாடு பட்டது: 1917 ஜனவரியில், 'ரெட் பேரன்' எனப்பட்ட ஜெர்மன் விமானி ரிக்ட்ஹோஃபன் அதில் பறந்துகொண்டிருந்தபோதே கீழ் இறக்கையில் விரிசல் விழுந்தது. வீட்டுக் கணினியில் ஓடிய ஓர் ஆட்டத்துக்குள் இதையெல்லாம் கொண்டுவந்தார்களே, அதனால்தான் எனக்கு இது இன்றும் பிடிக்கிறது.

எதிரி கீழே பாய்ந்தால் பின்னாலேயே விழாதீர்கள். த்ராட்டிலைக் குறைத்து, சாய்வாக வட்டமிட்டு இறங்குங்கள். நியூபோர்ட்டின் பலம் திரும்புவதில்தான்.

வானம்பாடி:
கேலிப்ரேட் செய்தேன், இப்போது கையை எடுத்தாலும் நேராகப் போகிறது. இறக்கையும் ஒடியவில்லை. இருவருக்கும் மிக்க நன்றி.