எவர்சில்வர் டம்ளருக்கு என்ன கலர்?

எவர்சில்வர் டம்ளர் வரைய உட்கார்ந்தால் எல்லோருடைய கையும் முதலில் போவது சில்வர் கலர் பென்சிலுக்குத்தான். அதை நான் டப்பாவிலிருந்தே எடுத்துவிட்டேன். டம்ளருக்கென்று சொந்த நிறம் ஏது? பக்கத்தில் இருப்பதைத்தான் காட்டும். எங்கள் சமையல் மேடையில் வலது பக்கம் ஜன்னல், இடது பக்கம் சிவப்புக் கரித்துணி. இடது ஓரத்தில் அந்தச் சிவப்பு மெல்லிய கோடாக வளைந்து இறங்கியது. வலது பக்கம் ஜன்னலின் வெள்ளைப் பட்டை. அதை ஒட்டியே கிட்டத்தட்டக் கறுப்பாக இன்னொரு பட்டை. இந்த இரண்டும் இடைவெளி இல்லாமல் உரசிக்கொண்டு நிற்பதுதான் பளபளப்பு. நடுவில் சாம்பலை விட்டு இதமாகக் கலந்தால் டம்ளர் சிமெண்ட் குழாய் மாதிரி ஆகிவிடும்.

அந்த வெள்ளைப் பட்டைக்கு எதுவும் பூசவில்லை, வெறும் தாள்தான். கலர் பென்சிலில் அடியில் போட்ட நிறம் எப்போதும் மேலே எட்டிப்பார்க்கும். இருட்டின் மேல் வெள்ளைப் பென்சிலைத் தேய்த்தால் மங்கலான சாம்பல்தான் மிஞ்சும். அதனால் வெளிச்சம் விழும் இடத்தை முதலிலேயே லேசாகக் கோடு போட்டு ஒதுக்கிவிடுவேன். கறுப்புப் பட்டையிலும் கறுப்புப் பென்சில் கிடையாது. கருநீலம், அதன் மேல் அடர் பழுப்பு, திரும்பவும் கருநீலம். கையை அழுத்தாமல் அடுக்கடுக்காக ஏற்றினால் இருட்டுக்குள்ளும் நிறம் இருக்கும்.

*

அக்கா, சிமெண்ட் குழாய்னு சொன்னதும் சிரிச்சுட்டேன். இருட்டுக்குக் கறுப்பு வேண்டாங்கறது எனக்கு மாம்பழம் வரையும்போது பிடிபட்டுச்சு. மஞ்சளோட நிழலுக்குக் கறுப்பு சேர்த்தா பாசிப்பச்சை ஆயிடுது, பழத்தைப் பார்க்கவே சகிக்காது. இப்ப நிழல் பக்கம் மட்டும் அடியில லேசா ஊதா போட்டுட்டு, மேல காவி மஞ்சள், அப்புறம் ஆரஞ்சு. பழம் உருண்டு வந்துடுது. வெள்ளைத் துணி மேல வச்சிருந்ததால பழத்தோட அடிப்பக்கம் கொஞ்சம் வெளிச்சமா இருந்துச்சு. துணியில பட்ட வெளிச்சம் திரும்பி மேல அடிக்குது. துணியில விழுந்த நிழலும் பழத்துக்குக் கிட்டே மஞ்சள் கலந்து, ஓரம் கூர்மையா இருக்கு. தள்ளிப் போகப் போக நீலம் தட்டி மங்கிடுது.

ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். மஞ்சள் பல்பு வெளிச்சத்துல மஞ்சள் பென்சில் எடுக்கவே எடுக்காதீங்க. வெள்ளைத் தாள்ல போட்ட கோடு கண்ணுக்கே தெரியாது.

*

தம்பி சொன்ன ஊதா விஷயம் சரி. என் பங்குக்குக் காக்கித்தாள். அதில் தாளே நடுத்தர நிழல் என்பதால் வெள்ளைப் பென்சிலுக்கு வேலை வந்துவிடும். பாட்டியின் நரைமுடியை அதில்தான் வரைந்தேன். மை தீர்ந்த ரீபிலால் முதலில் முடிகளை அழுத்திக் கீறிவிட்டு, மேலே பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். பள்ளத்துக்குள் நிறம் இறங்காது. ஒவ்வொரு முடியும் தனித்தனியே துலங்கியது. பார்சல் கட்டும் காக்கித்தாள் நாளடைவில் நொறுங்கும், பழகுவதற்கு மட்டும் போதும்.

மெழுகு அதிகமுள்ள பென்சிலால் இருட்டை அழுத்திப் பூசினால் சில நாளில் மேலே வெள்ளையாகப் புகை படர்ந்தது போலிருக்கும். பூஞ்சை என்று பயப்பட வேண்டாம், மெழுகுதான் மேலே வருகிறது. மெத்தென்ற துணியால் லேசாகத் துடைத்தால் போய்விடும். ஃபேபர்-காஸ்டெல் 1908-லிருந்து விற்கும் பாலிக்ரோமோஸ் கலர் பென்சில் எண்ணெய் சேர்ந்தது, அதில் இந்தத் தொல்லை குறைவு. விலைதான் கையைக் கடிக்கும்.

வெயிலுக்கு முதலில் வெளுப்பவை பெரும்பாலும் ரோஸும் ஊதாவும். படத்தைச் சுவரில் மாட்டுவதாக இருந்தால், ஒரு துண்டுத் தாளில் உங்களிடம் உள்ள நிறங்களை எல்லாம் பூசி, பாதியை அட்டையால் மூடி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவையுங்கள். சில மாதம் கழித்து அட்டையை எடுத்துப் பார்த்தால் எந்தப் பென்சிலை நம்பலாம் என்று தெரிந்துவிடும்.