ஆஸ்பத்திரி வளாகத்தில மோட்டார் சைக்கிள் நெரிசல்

வடலி: யாழ்ப்பாணத்தில பெரிய ஆஸ்பத்திரி வளாகம். பின்னேர ஷிப்ட் மாறேக்க மோட்டார் சைக்கிள் விட இடமில்லை. இன்னொரு கொட்டகை போட்டால் தீருமோ?

திண்ணை: முதல் எண்ணுங்கோ தம்பி. அரை மணிக்கொருக்கா நம்பர் பிளேட்டின்ர கடைசி 4 இலக்கத்தைக் குறியுங்கோ. ஒரே நம்பர் மணிக்கணக்கா நிண்டால் ஊழியர், கெதியாப் போனால் கிளினிக் ஆக்கள். பின்னேர ஷிப்டுக்கு வாறவை 12.45க்கே வந்திடுவினம், காலமை ஷிப்ட் முடிச்சுப் போறவை வேலையை ஒப்படைச்சு வெளிக்கிட 1.15 ஆகும். ரெண்டு கூட்டமும் ஒண்டா நிக்கிறதுதான் சிக்கல். அதுக்குக் கொட்டகை தேவையில்லை, அந்த அரை மணிக்கு மட்டும் ஒரு மாற்றிடம் போதும்.

ஒழுங்கை: கோடும் கீறுங்கோ. 2.4க்கு 4.8 மீற்றர் கார் இடத்தில 4 மோட்டார் சைக்கிள் பக்கவாட்டில நிக்கும். கோடில்லாட்டி சரிச்சு விட்டு மூண்டோட முடியும்.

வடலி: பஸ்ஸில வரச் சொன்னால்?

திண்ணை: இரவு 7 மணிக்கு முடிக்கிறவைக்குத் திரும்பிப் போக பஸ் இல்லாட்டி வரேக்கயும் மோட்டார் சைக்கிள்தான் எடுப்பினம். முதல் அவைக்கு வான் பிடியுங்கோ.