கடலோரத்தில் நிற்கும் கார்: இறுகிப்போன வீல், ஊதிய ஜாக்கி பாயின்ட். அண்டர்கோட்டிங் அடிச்சா போதுமா?

முட்டம்_கரை:

2016 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், அலாய் வீல். முட்டத்துல கடலுக்கு 200 மீட்டருக்குள்ள, கூரை இல்லாத முற்றத்துல நிக்குது. வாரத்துக்கு ரெண்டு நாள் நாகர்கோவில் போய் வர்றதுதான் ஓட்டம். இப்போ உள்ள நிலை இது: பின்பக்க இடது வீல்ல நட்டை எல்லாம் கழற்றினாலும் வீல் அதைத் தாங்குற ஹப்பை விட்டு அசையமாட்டேங்குது. ஜாக்கி வைக்கிற இடத்துல பெயின்ட் ஊதி, தொட்டா செதில் செதிலா உதிருது. காலையில சாவி திருப்பினா டிக் டிக்னு சத்தம் மட்டும் வருது. பேட்டரி புதுசு, கடையில சோதிச்சதுல நல்லா இருக்குன்னே காட்டுது. மைனஸ் முனையில வெள்ளைப்பொடி இருக்கு.

அடிப்பாகம் முழுக்க கருப்பு ரப்பர் கோட்டிங் அடிச்சா துரு நின்னுடும்னு பட்டறையில சொல்றாங்க. அடிக்கலாமா அண்ணன்மாரே? வழியில பஞ்சர் ஆச்சுன்னா இந்த நிலையில எப்படிச் சமாளிக்கிறது?

பட்டறை_நாகர்கோவில்:

கோட்டிங்கைக் கடைசியில பாத்துக்கிடலாம். ஆத்திர அவசரத்துக்குக் கை வைக்கிற இடங்களை முதல்ல சரி பண்ணுங்க: வீல், ஜாக்கி பாயின்ட், ஸ்டெப்னி, பேட்டரி. கடலோரத்துல துரு கதவைத் தின்னா அழகுதான் போகும். இந்த நாலு இடத்தைத் தின்னா பத்து நிமிஷத்துல முடியுற பஞ்சர் வேலைக்கு ராத்திரி மீட்பு வண்டிக்குக் காத்து நிக்கணும்.

வீல் ஏன் இறுகுதுன்னா, அலாய் அலுமினியம், ஹப் இரும்பு. நடுவுல உப்புத்தண்ணி போனா ரெண்டு உலோகத்துக்கும் இடையில மின்வேதி அரிப்பு நடந்து, அலுமினியம் வெள்ளைப்பொடியாப் பொங்கி இடைவெளியை அடைச்சுக்கும். வழியில மாட்டிக்கிட்டா ஜாக்கி மேல நிக்கிற வண்டியை உதைக்கவே கூடாது, ஜாக்கி சரிஞ்சுடும். வீல் தரையில இருக்கும்போது அந்த வீலோட நட் எல்லாத்தையும் ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்க, கழற்றாதீங்க. நடக்கிற வேகத்துல ரெண்டு மூணு மீட்டர் முன்னால நகர்த்தி பிரேக் பிடிங்க, அதேபோல பின்னால. 'டக்'னு ஒரு சத்தத்தோட விட்டுடும். அதுக்கு மேல அந்தத் தளர்ந்த நட்டோட நகரக்கூடாது. பிறகு ஜாக்கி.

வீட்டுக்கு வந்ததும் ஹப் முகத்தையும் வீலோட நடு ஓட்டையையும் கம்பி பிரஷால பளிச்சுன்னு தேயுங்க. நடு விளிம்புல மட்டும் ஆன்டி-சீஸ் பேஸ்ட் (உலோகம் இறுகாமத் தடுக்கிற பசை) மெல்லிசாத் தடவணும். ஸ்டட் (நட்டு ஏறுற போல்ட்டு) மரையிலயும் நட்டு உட்காருற சரிவுலயும் தடவக்கூடாது. கம்பெனி சொல்ற முறுக்கு அளவு காய்ந்த மரைக்குச் சொன்னது. அங்க வழுக்கல் இருந்தா அதே முறுக்குல ஸ்டட் அதிகமா இழுபட்டு நீளும். சின்னக் கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 120 நியூட்டன் மீட்டருக்குள்ள வரும். உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு கையேட்டுல இருக்கும். மாட்டி 50 கிலோமீட்டர் ஓடினபிறகு ஒருதரம் திரும்ப முறுக்கிப் பாருங்க.

நட்டு மேல பளபளன்னு தொப்பி போட்ட ரகமான்னும் கவனிங்க. தொப்பிக்கு அடியில துரு ஊதினா அளவு மாறி, வண்டியோட வந்த ஸ்பேனர் நுழையாது. ஒரே உலோகத்துல செஞ்ச நட்டா மாத்திடுங்க. டிக்கியில ஒரு நீளக் கைப்பிடியும் அறுகோண சாக்கெட்டும் போட்டு வைங்க. சாக்கெட் 19 அல்லது 21 மி.மீ., உங்க நட்டுக்கு எது பொருந்துதோ அது. பன்னிரண்டு முனை சாக்கெட் துருப்பிடிச்ச நட்டோட மூலையை மழுக்கிடும்.

ஜாக்கி பாயின்டை ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டிப் பாருங்க. கணீர்னு கேட்டா பரவாயில்ல. 'பொத்'னு கேட்டாலோ முனை உள்ள இறங்கினாலோ அந்த இடத்துல ஜாக்கி போடாதீங்க, தகடு மடிஞ்சு ஜாக்கி மேல வந்துடும். சஸ்பென்ஷன் கை பாடியில சேருற கெட்டியான இடத்துல, மரக்கட்டை வச்சுத் தூக்கலாம். ஃப்ளோர் தகட்டுல கூடவே கூடாது. ஜாக்கிக்கு அடியில ஓரடிச் சதுரப் பலகை ஒண்ணு வேணும், நம்ம ஊர் ரோட்டோரச் செம்மண் மழையில அமுங்கிடும். பின்வீலைத் தூக்கும்போது ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பாதீங்க. அது பின்வீலைத்தான் பிடிக்கும், அதுல ஒண்ணு அந்தரத்துல இருக்கு. கியர்ல போட்டு, எதிர்மூலை முன்வீலுக்கு ரெண்டு பக்கமும் கல் வைங்க.

இடத்தையும் பாத்துக்கிடுங்க. நாகர்கோவில்–களியக்காவிளை ரோட்டுல பல இடத்துல ஒதுங்கவே இடம் கிடையாது. வளைவுல நின்னு வீல் மாத்துறதைவிட, காத்து போன டயரோட நூறு இருநூறு மீட்டர் ஊர்ந்து அகலமான இடத்துக்குப் போறது மேல். டயரும் ரிம்மும் போனாப் போகட்டும், வாங்கிக்கலாம். எச்சரிக்கை முக்கோணத்தை 50 மீட்டர் பின்னால வைங்க. வளைவுக்குள்ள மாட்டிக்கிட்டா வளைவு தொடங்குறதுக்கு முன்னாலயே வைங்க. தேசிய நெடுஞ்சாலைன்னா உதவிக்கு 1033, அடிபட்டவங்க இருந்தா ஆம்புலன்ஸுக்கு 108 கூப்பிடுங்க.

வயரிங்_மார்த்தாண்டம்:

டிக் டிக் சத்தத்துக்குப் பதில். பேட்டரி நல்லா இருந்தும் செல்ஃப் சுத்தலைன்னா, உங்க வண்டியில முதல் சந்தேகம் எர்த் மேல. மைனஸ்லயிருந்து பாடிக்கும், பாடியிலயிருந்து இன்ஜினுக்கும் போற எர்த் ஸ்ட்ராப்போட முனைகள் உப்புக்காத்துல துரு ஏறி, கரன்ட் திரும்பி வர வழி குறைஞ்சுடும்.

சோதனை சுலபம். மல்ட்டிமீட்டரை 20 வோல்ட் டிசி-யில வச்சு, ஒரு முனையை பேட்டரி மைனஸ் தூண்லயும் இன்னொண்ணை இன்ஜின் பிளாக்குல பெயின்ட் இல்லாத இடத்துலயும் பிடிங்க. ஒருத்தர் செல்ஃப் அடிக்கட்டும். 0.5 வோல்ட்டைத் தாண்டினா எர்த் போச்சுன்னு அர்த்தம். மீட்டர் இல்லைன்னா ஜம்பர் கேபிள்ல கருப்பை மட்டும் எடுத்து, ஒரு முனையை உங்க பேட்டரியோட மைனஸ்லயும் மறுமுனையை இன்ஜின் தூக்குற கொக்கியிலயும் மாட்டுங்க. உடனே ஸ்டார்ட் ஆனா வியாதி தெரிஞ்சுபோச்சு. வழியில நின்னாலும் இதே வித்தைதான், இன்னொரு வண்டியே வேண்டாம்.

சரி பண்ண ஸ்ட்ராப்போட ரெண்டு முனையையும் கழற்றி, லக்கையும் (கேபிள் முனை வளையம்) அது உட்காருற தகட்டையும் உப்புத்தாளால பளிச்சுன்னு தேய்ச்சு, இறுக்கி முடிச்ச பிறகு மேல வாஸ்லின் பூசுங்க. பூசிட்டு இறுக்கக் கூடாது. உறைக்குள்ள கம்பி பச்சை பூத்திருந்தா தேய்ச்சுப் பிரயோஜனமில்ல, 16 முதல் 25 சதுர மி.மீ. செம்புக் கேபிள்ல புதுசு போடுங்க.

பேட்டரி முனைப் பொடிக்கு: மைனஸை முதல்ல கழற்றுங்க, பிறகு ப்ளஸ். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணியில ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடா கரைச்சு பழைய பல்பிரஷால தேய்ங்க. நுரை அடங்கினா அமிலம் தீர்ந்துச்சு. மூடி துவாரம் வழியா செல்லுக்குள்ள ஒரு சொட்டும் போகக்கூடாது. மாட்டும்போது ப்ளஸ் முதல்ல.

வேற வண்டியிலயிருந்து ஜம்ப் எடுக்கணும்னா சிவப்பை செத்த பேட்டரி ப்ளஸ்ல, அடுத்து நல்ல பேட்டரி ப்ளஸ்ல மாட்டுங்க. கருப்பை நல்ல பேட்டரி மைனஸ்ல, கடைசியா நின்னுபோன வண்டியோட இன்ஜின் உலோகத்துல. கடைசி முனையில பொறி பறக்கும், பேட்டரியிலயிருந்து வர்ற ஹைட்ரஜன் பக்கத்துல அந்தப் பொறி வேண்டாம்னுதான் இன்ஜின்ல மாட்டுறது. அஞ்சு நிமிஷம் நல்ல வண்டியை ஓடவிட்டுட்டு செல்ஃப் அடிங்க. கழற்றுறது அப்படியே தலைகீழ்.

டிங்கர்_தக்கலை:

இப்ப இருக்கிற நிலையில ரப்பர் கோட்டிங் அடிக்கவே அடிக்காதீங்க. துருவும் உப்பும் உள்ள இருக்க மேல தார் மாதிரி மூடினா, காத்து வழியா வந்த ஈரம் அதுக்கடியில தங்கி ஆற அமர வேலை பார்க்கும். வெளிய கருப்பா அழகா இருக்கும். ரெண்டு மழைக்காலம் கழிச்சு பாளம் பாளமா உரியும்போது தகடும் கூட வரும். அதுவரைக்கும் உள்ள நடக்கிறது யார் கண்ணுக்கும் தெரியாது, அதுதான் இதுல பெரிய கேடு.

செய்ய வேண்டிய முறை இது. லிஃப்ட்ல ஏத்தி நல்ல தண்ணியில அடிப்பாகத்தைக் கழுவி, ரெண்டு நாள் முழுசாக் காயவிடணும். கம்பி பிரஷ் மாட்டின கிரைண்டரால உதிருற துருவை எல்லாம் எடுக்கணும். குழிக்குள்ள மிச்சம் நிக்கிறதுக்கு பாஸ்பாரிக் அமிலம் உள்ள துரு கன்வெர்ட்டர் (துருவைக் கெட்டியான படலமா மாத்துற திரவம்) பூசி, டப்பாவுல சொன்ன நேரம் விட்டு, மிச்ச அமிலத்தைத் துடைச்சுக் கழுவி உலர்த்தணும். அமிலம் மிஞ்சினா எபாக்சி ப்ரைமர் ஒட்டாம கொப்புளிக்கும். ரெண்டு கோட் எபாக்சி, மூட்டுகள்ல சீலர், அதுக்கு மேலதான் அண்டர்கோட். சைலன்சர், பிரேக் டிஸ்க், டிரைவ் ஷாஃப்ட், ரப்பர் புஷ், சென்சார் எல்லாத்தையும் மறைச்சுட்டு அடிக்கச் சொல்லுங்க. தண்ணி வடியுற துவாரங்கள் மேல அடிச்சு மூடிட்டாங்கன்னா அடிக்காம இருந்ததே மேல்.

ஜாக்கி பாயின்ட் ஓட்டை விழுந்திருந்தா பட்டி வச்சு மூடாதீங்க, அது எடை தாங்குற இடம். தின்ன தகட்டை வெட்டி எடுத்துட்டு புதுத் தகடு வெல்டிங் பண்ணணும். அதுக்கு முன்னால பேட்டரி மைனஸைக் கழற்றியாகணும். வெல்டிங் சூட்டுல தகட்டோட மறுபக்கப் பெயின்ட் கருகும், அதை நிறையப் பேர் மறந்துடுறாங்க. கதவுக்குக் கீழ உள்ள பெட்டித் தகட்டுக்குள்ள நீளக்குழாய் விட்டு கேவிட்டி வாக்ஸ் அடிச்சாத்தான் வேலை முழுசாகும். என் கணக்குக்கு, வெளிய அடிக்கிற கோட்டிங்கை விட உள்ள அடிக்கிற இந்த மெழுகுக்குத்தான் மதிப்பு அதிகம். கடலோர வண்டி உள்ளேயிருந்துதான் வெளிய அரிக்கும்.

தை, மாசியில செய்யுங்க. ஐப்பசி, கார்த்திகை மழை முடிஞ்சிருக்கும், இடவப்பாதிக்கு (தென்மேற்குப் பருவமழைக்கு) இன்னும் நாள் கிடக்கும். ஈரத் தகட்டுல அடிச்ச எபாக்சி நிக்காது.

முட்டம்_கரை:

ரொம்ப நன்றி. எர்த்தை நாளைக்கே பார்க்கிறேன். இன்னும் ரெண்டு: வீட்டு போர் தண்ணியில வாரம் ஒருதரம் அடிப்பாகத்தைக் கழுவுறேன், அது போதுமா? கவர் போட்டு மூடி வைக்கலாமா? பக்கத்துல ஒருத்தர் பழைய இன்ஜின் ஆயிலை அடியில பீச்சச் சொல்றார்.

குளச்சல்_காற்று:

கடலோரக் கிணறு, போர் பலவற்றில் உப்பு உண்டு. அந்தத் தண்ணீரில் கழுவினால் காற்று கொண்டுவந்த உப்பை எடுத்துவிட்டு நாமே புதிய உப்பை வைக்கிறோம். ஒரு கண்ணாடித் துண்டில் இரண்டு சொட்டு விட்டு வெயிலில் காயவையுங்கள். தடித்த வெள்ளைப் படலம் நின்றால் அந்தத் தண்ணீர் வண்டிக்கு வேண்டாம். குடிதண்ணீர்க் குழாயில் வருவதோ, பிடித்து வைத்த மழைநீரோ போதும். அழுத்தம் முக்கியமில்லை, அளவுதான் முக்கியம். சாதாரண ஹோஸை வீல் வளைவு, கதவின் அடிவிளிம்பு, பம்பரின் உட்பக்கம் என்று பத்து நிமிடம் காட்டுங்கள்.

கழுவிய பிறகு ஈரத்தோடு நிறுத்தாமல் ஐந்து பத்து கிலோமீட்டர் ஓட்டி, இடையிடையே பிரேக் பிடித்து உலர்த்துங்கள். சமையல் உப்பே காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானாக நீர்க்கும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அதைவிடக் குறைந்த ஈரப்பதத்திலும் ஈரமாகவே இருக்கும். முட்டத்தில் மழை பெய்யாத நாளிலும் தகடு நனைந்திருப்பதற்கு இதுதான் காரணம்.

பிளாஸ்டிக் கவர் வேண்டாம். உள்ளே வியர்த்து ஈரத்தைப் பிடித்து வைக்கும், காற்றில் படபடத்துப் பெயின்டையும் உரசும். நாலு பக்கமும் காற்றோடும் ஓலைக்கூரையோ தகரக்கூரையோ நல்லது. கடலுக்கும் வண்டிக்கும் நடுவே வீட்டுச்சுவர் வரும்படி நிறுத்த முடிந்தால் இன்னும் நல்லது. தென்மேற்குக் காற்றில் சாரல் நேராக வந்து படுவது அப்படிக் குறையும்.

பழைய ஆயில் கூடாது. எரிந்த அமிலக் கழிவு அதில் கலந்திருக்கும், ரப்பர் புஷ்ஷை ஊதவைக்கும், பிரேக்கில் பட்டால் ஆபத்து. மண்ணையும் பிடித்து ஒட்டவைக்கும். மணவாளக்குறிச்சி பக்கம் ஓடும் வண்டிக்கு அது இரட்டைக் கேடு: அந்தக் கடற்கரைக் கருமணலில் உள்ள கார்னெட், தொழிற்சாலைகளில் உலோகத்தைச் சுரண்டித் தேய்க்கப் பயன்படுகிற கனிமம். மழைத்தண்ணீரோடு கிணற்றுக்குப் போகும் ஆயிலை யார் குடிப்பது என்ற கேள்வியும் இருக்கிறது.

பட்டறை_நாகர்கோவில்:

குளச்சல் அண்ணாச்சி சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிடுங்க. நாலஞ்சு நாள் நிக்கிற வண்டிக்கு ஹேண்ட்பிரேக் போட்டு வைக்காதீங்க. ஷூ டிரம்மோட ஒட்டிக்கிடும். முதல் கியர்ல போட்டு வீலுக்குக் கல் வச்சா போதும்.

லிஃப்ட்ல ஏத்துற அன்னைக்கு பிரேக் பைப்பைக் கிளிப்புக்கு அடியில தள்ளிப் பாக்கச் சொல்லுங்க. இரும்பு பைப் வெளிய நல்லா தெரியும், கிளிப் பிடிக்கிற இடத்துல மணலும் உப்பும் சேர்ந்து தின்னிருக்கும். குழி விழுந்திருந்தா அந்த பைப்பை முழு நீளத்துக்கும் மாத்தணும், நடுவுல ஒட்டு வேண்டாம். ஓடும்போது அது வெடிச்சா பெடல் தரையைத் தொடும். அப்போ இன்ஜினை அணைக்காதீங்க, பெடலை வேகவேகமா மிதிங்க, கியரை ஒவ்வொண்ணா இறக்குங்க, ஹேண்ட்பிரேக்கோட பொத்தானை அமுக்கிப் பிடிச்சபடியே கொஞ்சங்கொஞ்சமா இழுங்க. ஒரேடியா இழுத்தா பின்வீல் பூட்டி வண்டி சுத்திடும். பிரேக் காலிப்பர் நகர்ற ஸ்லைடு பின்னுக்கு சிலிகான் கிரீஸ் போடணும், பிரேக் ஆயிலை ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் மாத்தணும். இதையும் அதே நாள்ல முடிச்சுடுங்க.