அப்பா ஆகஸ்டில் ரிட்டையர் ஆகிறார், ஈ.எஸ்.ஐ. தொடருமா? எப்போது போய்ப் பதிய வேண்டும்?

கொடுங்கையூர்_மகள்:
எல்லோருக்கும் வணக்கம். அப்பா மணலியில் ஒரு கம்பெனியில் 22 வருடமாக வேலை செய்கிறார், வரும் ஆகஸ்ட் 31 அன்று 58 முடிந்து ரிட்டையர் ஆகிறார். இப்போது சம்பளம் 19,400, அதில் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் இரண்டும் இருக்கிறது. மாதா மாதம் டிஸ்பென்சரியில் வாங்கும் மாத்திரைகளை ஒரு மஞ்சள் பையில் போட்டு அலமாரி மேல்தட்டில் வைத்திருப்பார், அந்தப் பை காலியாகிறது என்றாலே வீட்டில் எல்லோருக்கும் பதற்றம்தான். ஒருமுறை வெளிக்கடையில் வாங்கியபோது இரண்டாயிரத்துக்கு மேல் வந்தது.

கம்பெனி ஆபீசில் கேட்டால் "ரிட்டையர் ஆனதும் ஈ.எஸ்.ஐ. முடிந்துவிடும், வெளியே பாலிசி எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். தனியார் பாலிசி விசாரித்தேன், ஏற்கனவே இருக்கும் சர்க்கரைக்கு மூன்று வருடம் காத்திருக்கணுமாம், பிரீமியமும் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. செப்டம்பர் 1 அன்று கார்டு செல்லாமல் போய்விடுமா? அதற்குள் ஏதாவது செய்யணுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

எண்ணூர்_தொழிலாளி:
தங்கச்சி, முதலில் பயப்படாதீங்க. கம்பெனியில் சொன்னது தப்பு. ரிட்டையர் ஆனவருக்கும் அவர் மனைவிக்கும் ஈ.எஸ்.ஐ. வைத்தியம் உண்டு, வருடத்துக்கு 120 ரூபாய், ஆமாம் நூற்றிருபதுதான், மாதம் பத்து ரூபாய் கணக்கில் மொத்தமாக முன்கூட்டியே கட்டணும். குறைந்தது ஐந்து வருடம் ஈ.எஸ்.ஐ.யில் இருந்து, வயது முடிந்து ரிட்டையர் ஆகியிருக்கணும், அல்லது கம்பெனியின் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் (வி.ஆர்.எஸ்.) ஓய்வு வாங்கியிருக்கணும். உங்கள் அப்பாவுக்கு 22 வருடம், கேள்வியே இல்லை. ஆனால் இது அப்பா, அம்மா இரண்டு பேருக்கு மட்டும்தான், பிள்ளைகள் இதில் வரமாட்டார்கள்.

செப்டம்பர் 1 அன்று கார்டு செத்துவிடாது. ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை பிடித்த பணத்துக்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் 30 வரை பலன், அக்டோபரிலிருந்து மார்ச் வரை பிடித்ததற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை பலன். அப்பாவுக்கு இந்த ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை பிடித்திருப்பார்கள், அதில் தேவையான 78 நாளுக்கு மேல் வேலை இருக்கும், அதனால் அடுத்த வருடம் ஜூன் வரை ஓடும். அதற்காக ஜூன் வரை தள்ளிப்போடாதீங்க. செட்டில்மென்ட் வாங்கிய கையோடு ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்துவிடுங்கள், அப்புறம் ஒவ்வொரு வருடமும் மறக்காமல் புதுப்பிக்கணும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். கம்பெனி கொடுக்கும் கடிதத்தில் வயது முதிர்வால் ஓய்வு என்று தெளிவாக இருக்கணும். "சொந்த விருப்பத்தில் விலகினார்" என்று எழுதினால் அது ராஜினாமா, இந்தச் சலுகை கிடைக்காது. அதே மாதிரி ஈ.எஸ்.ஐ. போர்ட்டலில் கடைசி மாதக் கணக்கு ஏற்றும்போது காரணம் கேட்கும், அதில் "ரிட்டையர்டு" போடணும். அவசரத்தில் "லெஃப்ட் சர்வீஸ்" என்று போட்டுவிடுகிறார்கள். என் கூட வேலை பார்த்தவருக்கு அப்படித்தான் ஆனது, அதைத் திருத்த அவர் பழைய கம்பெனி வாசலில் நாலு மாதம் நின்றார். முட்டிவலிக்காரர், பஸ் ஏறி இறங்கி அலைந்ததைப் பார்த்தால் நமக்கே மனசு ஆறாது.

கொடுங்கையூர்_மகள்:
ரொம்ப நன்றி அண்ணா, படித்துவிட்டு அம்மாவிடம் சத்தமாகப் படித்தும் காட்டினேன். ஒரு சந்தேகம். அப்பா முதல் பத்து வருடம் அதே கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தார், அப்போது ஒரு ஈ.எஸ்.ஐ. நம்பர், பர்மனென்ட் ஆனதும் வேறு நம்பர் போட்டுவிட்டார்கள். அது பிரச்சினை ஆகுமா?

எண்ணூர்_தொழிலாளி:
பர்மனென்ட் ஆகி 12 வருடம் ஆகிவிட்டதே, அந்த நம்பரிலேயே ஐந்து வருடம் தாண்டிவிட்டது, அதனால் கவலை இல்லை. முறைப்படி ஒருவருக்கு அந்தப் பத்து இலக்க நம்பர் ஒன்றுதான், கான்ட்ராக்டர் மாறினாலும் அதுவே தொடரணும். நம்ம பக்கம் ஆள் மாறினால் புது நம்பர் போடுவது வழக்கமாகிவிட்டது. இரண்டு கார்டையும் எடுத்துப்போய்க் காட்டிவிடுங்கள்.

கொருக்குப்பேட்டை_ஃபிட்டர்:
இதில் நானும் சொல்லணும், ஏனென்றால் என் மாதிரி ஆட்கள் இந்தப் பக்கம் நிறையப் பேர். 2017 ஜனவரியிலிருந்து ஈ.எஸ்.ஐ. சம்பள வரம்பு 21,000. எனக்கு 2021இல் இன்கிரிமென்ட் போட்டு 21,000 தாண்டியது, அந்த ஆறு மாதக் காலம் முடிந்ததும் ஈ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே போட்டுவிட்டார்கள். 14 வருடம் பணம் கட்டியவன், 2023இல் ரிட்டையர் ஆகும்போது கையில் கார்டு இல்லை. கடைசிச் சம்பளம் 26,500.

2024 பிப்ரவரியில் ஈ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் கூட்டத்தில் இதற்கு ஒரு முடிவு எடுத்தார்கள். 2012 ஏப்ரல் 1க்குப் பிறகு குறைந்தது ஐந்து வருடம் ஈ.எஸ்.ஐ.யில் இருந்து, 2017 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ ரிட்டையர் ஆனவர்கள், கடைசிச் சம்பளம் 30,000க்குள் இருந்தால் அவர்களுக்கும் வைத்தியம் என்று. நான் சம்பளச் சீட்டு, பழைய கார்டு எல்லாம் வைத்து மனு கொடுத்திருக்கிறேன். வரம்பைத் தாண்டி வெளியே வந்தவர்கள் யாராவது இருந்தால் கிளை அலுவலகத்தில் இந்த முடிவைச் சொல்லியே கேளுங்கள், சும்மா "ரிட்டையர் ஆனேன்" என்றால் "நீங்கள் வெளியே போனவர்" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

தண்டையார்பேட்டை_பாட்டி:
கண்ணு, உன் அப்பாவுக்கு மேலே தம்பி சொன்னதே போதும். மத்திய அரசு பென்ஷன்காரர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக எழுதுகிறேன். நான் ராஜாஜி சாலையில் மத்திய அரசு ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆனவள். எங்களுக்கு சி.ஜி.எச்.எஸ். என்கிற மத்திய அரசு மருத்துவத் திட்டம். நான் அப்போது அரக்கோணம் பக்கம் சொந்த ஊரில் போய் இருந்ததால் அதில் சேராமல் மருத்துவப் படி, மாதம் 1,000 ரூபாய், அதை வாங்கிக்கொண்டேன். மகள் வீட்டோடு இங்கே வந்தபிறகு படியை விட்டுவிட்டு சி.ஜி.எச்.எஸ்.ஸுக்கு மாறினேன். இப்படி மாற வாழ்நாளில் ஒரே தடவைதான் விடுவார்கள், அதனால் எங்கே நிலையாக இருக்கப் போகிறோம் என்று முடிவு செய்துவிட்டு மாறுங்கள். பணம் வருடா வருடம் கட்டலாம், இல்லை பத்து வருடப் பணத்தை ஒரே தடவை கட்டினால் ஆயுசுக்கும் கார்டு. என் பழைய சம்பள நிலைக்கு மாதம் 450, அதனால் 54,000 கட்டினேன். பென்ஷன் அரியர்ஸ் வந்த நேரம், அதிலேயே முடித்துவிட்டேன்.

ஈ.எஸ்.ஐ.யும் இல்லை, பென்ஷனும் இல்லை என்கிறவர்களுக்கு முதலமைச்சர் காப்பீடு இருக்கிறது. வருட வருமானம் 1,20,000க்குள் இருக்கணும். இதற்குக் கடைசித் தேதி என்று எதுவும் கிடையாது. வருமானச் சான்று, ஸ்மார்ட் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு பீச் ஸ்டேஷன் பக்கம் இருக்கும் கலெக்டர் ஆபீஸ் போகணும். ஆனால் அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கும் வைத்தியத்துக்கு, மாதாந்திர மாத்திரைக்கு உதவாது. உடம்புக்கு வந்தபிறகு ஓடாமல் நல்லா இருக்கும்போதே எடுத்து வையுங்கள்.

கொடுங்கையூர்_மகள்:
எல்லோருக்கும் நன்றி. இன்று அப்பா கம்பெனியில் அந்தக் கடிதத்தின் மாதிரியைக் கேட்டு வாங்கி எனக்கு போட்டோ அனுப்பினார். எண்ணூர் அண்ணா சொன்ன மாதிரியே, "சொந்தக் காரணங்களால் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்" என்று இருந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் அடிப்பார்களாம். அப்பா அங்கேயே உட்கார்ந்து 58 வயது முடிந்து ஓய்வு என்று மாற்ற வைத்துவிட்டார், போர்ட்டலில் காரணம் போடும் பையனிடமும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். செப்டம்பர் முதல் வாரம் இரண்டு கார்டும் எடுத்துக்கொண்டு நானே கூடப் போகிறேன், போய் வந்து எழுதுகிறேன்.