சின்ன ஆயில் ஃபில்டர் 10,000 கிலோமீட்டர் தாங்குமா?

தங்கச்சிமடம் டாக்சி:
ராமேஸ்வரம் வரும் யாத்ரீகர்களுக்கு வண்டி ஓட்டுகிறேன். என் பழைய டீசல் வண்டியின் ஆயில் ஃபில்டர் ஒரு செம்பு அளவு இருக்கும். 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலோடு சேர்த்து அதையும் மாற்றிவிடுவோம். இப்போது வைத்திருக்கும் பெட்ரோல் வண்டியின் ஃபில்டர் டீ கிளாசை விடக் கொஞ்சம்தான் பெரியது. கையேடோ 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு என்கிறது. குப்பைத் தொட்டியைச் சிறிதாக்கிவிட்டு, அள்ளும் நாளையும் இரண்டு மடங்கு தள்ளிப்போடுவது என்ன கணக்கு? ஃபில்டருக்குள் உள்ள வடிகட்டும் தாள் அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் நேராக பேரிங்குகளுக்குப் போகும். அதைச் சொல்ல டாஷ்போர்டில் ஒரு விளக்குகூடக் கிடையாது.

ராம்நாடு மெக்கானிக்:
அண்ணன் டீசலையும் பெட்ரோலையும் ஒரே தராசில் வைக்கிறார். டீசல் எஞ்சின் ஆயிலைக் கறுப்பாக்கும் புகைக்கரியின் தனித்துகள் ஒரு மைக்ரானை (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) விடவும் மிகச் சிறியது. ஃபில்டர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது தாளின் வழியே புகுந்து போய்விடும். அதை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகாமல் மிதக்க வைப்பது ஆயிலில் கலந்துள்ள சேர்மானம். அது தீர்ந்துபோவதும், சூட்டில் ஆயில் கெடுவதும்தான் மாற்றும் நாளைத் தீர்மானிக்கின்றன. ஃபில்டரின் வேலை உலோகத் துகளையும் மணலையும் பிடிப்பது மட்டுமே. நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் அவை சிறிதளவே சேரும்.

இன்னொன்று, அக்காலத்து 20டபிள்யூ-40 என்ற கெட்டியான ஆயிலுக்குப் பதிலாக இன்று 0டபிள்யூ-20 போன்ற மெல்லிய ஆயில் வந்துவிட்டதால், சிறிய பரப்புள்ள தாளிலும் அது சிரமமின்றி ஊடுருவுகிறது. பைபாஸ் பெரும்பாலும் திறப்பது, குளிரில் ஆயில் கெட்டிப்பட்டிருக்கும்போது வண்டியைக் கிளப்புகையில்தான். நம் கரையில் மார்கழி விடியலிலும் அப்படிப்பட்ட குளிர் ஏது?

சாயல்குடி கரிலோடு:
காகிதத்தில் சரிதான். நான் சீமைக்கருவேல் கரி ஏற்றும் சிறிய பெட்ரோல் வண்டி வைத்திருக்கிறேன். போன ஆடியில், 9,000 கிலோமீட்டர் ஓடிய ஃபில்டரை ஹாக்ஸா பிளேடால் அறுத்து, மடிப்புத் தாளை எடுத்து வெயிலில் விரித்துப் பார்த்தேன். மடிப்பின் அடியில் கறுப்புச் சேறு படிந்திருந்தது. நகத்தால் சுரண்டியபோது நறநறவென்றது. மினுங்கும் துகள்களும் இருந்தன. இதையா சிறிதளவு என்கிறீர்கள்?

ராம்நாடு மெக்கானிக்:
ஹாக்ஸாவால் அறுத்தால் தகட்டுத் தூளே தாளில் விழும், அண்ணே. நீங்கள் பார்த்த மினுக்கத்தில் பாதி அதுவாக இருக்கும்.

சாயல்குடி கரிலோடு:
அந்தச் சந்தேகம் எனக்கும் வந்ததால் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். மினுங்கியவை ஒட்டிக்கொண்டன, நறநறத்தவை ஒட்டவில்லை.

ராம்நாடு மெக்கானிக்:
அப்படியானால் அது மணல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மணல் உள்ளே வந்த வழி ஏர் ஃபில்டர். அதன் ரப்பர் விளிம்பு பெட்டியில் சரியாக உட்காராமல் இருந்திருக்கலாம், அல்லது பணத்தை மிச்சப்படுத்தப் பழைய தாளையே காற்றடித்துக் காற்றடித்துக் கிழித்திருக்கலாம். கூரை ஒழுகுகிறது என்று பெரிய அண்டா வாங்கி வைப்பதால் பயன் இல்லை. மேலும், அந்த மணல் ஆயிலில் கலப்பதற்கு முன்பே பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துவிட்டுத்தான் கீழே இறங்கியிருக்கும்.

தங்கச்சிமடம் டாக்சி:
கூரை மேயும் வரைக்கும் அண்டா வேண்டாமா, தம்பி? கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தனுஷ்கோடியைத் தாண்டி அரிச்சல்முனை வரை போய்ப் பாருங்கள், தார் தெரியாத அளவுக்குச் சாலையில் மணல் ஏறிக் கிடக்கும். அந்த வழியில் வாரத்துக்கு நான்கு முறை போய் வருகிறேன்.

கீழக்கரை காக்கா:
எனக்கு இந்தச் சண்டையே பொருந்தாது. நான் வெளிநாட்டில் இருக்கிறேன். வண்டி வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் கடைத்தெருவுக்கும் மட்டுமே போய் வருவதால் ஆண்டுக்கு 2,000 கிலோமீட்டரைத் தாண்டாது. எஞ்சின் முழுச் சூடேறுவதற்குள் அணைத்துவிடுவதால், ஆயிலில் கலக்கும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் தங்கிவிடுகின்றன. இதை எந்த அளவு ஃபில்டரும் பிரித்தெடுக்காது. ஆகவே கிலோமீட்டரைப் பார்க்காமல் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். ஒரு தடவை இரண்டு ஆண்டுகள் விட்டுவிட்டதில், உப்புக் காற்றுப் பட்டு ஃபில்டரின் வெளித்தகடு செதில் செதிலாகத் துருவேறியிருந்தது.

ராம்நாடு மெக்கானிக்:
காக்கா சொல்வது முழுக்கச் சரி. டாக்சி அண்ணன் தம் கையேட்டில் அட்டவணைக்குக் கீழே உள்ள சிறிய எழுத்தையும் படிக்க வேண்டும்: புழுதிச் சாலை, குறுந்தூர ஓட்டம் போன்ற கடினமான பயன்பாட்டில் இடைவெளியைக் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். அரிச்சல்முனைக்கு ஓடும் வண்டிக்கு 5,000 என்றால் நானும் மறுக்க மாட்டேன்.

தங்கச்சிமடம் டாக்சி:
அப்படியென்றால் நான் முதலில் கேட்டதற்கு, நம் ஊரில் தாங்காது என்பதுதானே பதில்? சரி, அதே மரை உள்ள, இரண்டு அங்குலம் நீளமான ஃபில்டரைப் பூட்டிக்கொள்ளலாமா?

ராம்நாடு மெக்கானிக்:
மரை ஒத்துப்போனாலும் வாஷரின் விட்டமும் பைபாஸ் திறக்கும் அழுத்தமும் வேறாக இருக்கலாம். அவை தெரியாமல் பூட்ட வேண்டாம். ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பை முதலில் பாருங்கள், அண்ணே.