பாடநூலில் வடகிழக்குப் பருவமழை, எங்கள் மழைமானியில் ஆவணி புரட்டாசி மழை: எது சரி?

கேள்வி: ஊத்தங்கரை ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஊத்தங்கரையை அடுத்த ஒரு சிற்றூரில் நடுநிலைப் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். 2024 சித்திரை முதல் எங்கள் மாணவர்கள் பள்ளி மொட்டைமாடியில் ஒரு மழைமானி வைத்து நாள்தோறும் குறிப்பெடுத்து வருகிறார்கள். மழைமானி என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். கழுத்தை அறுத்துத் தலைகீழாகச் செருகிய தண்ணீர் பாட்டிலும், அதன் பக்கத்தில் ஒட்டிய அடிக்கோலும்தான்.

தமிழ்நாடு வடகிழக்குப் பருவக்காற்றால்தான் மிகுதியான மழையைப் பெறுகிறது என்று பாடநூல் சொல்கிறது. எங்கள் நோட்டிலோ, ஜூன் முதல் செப்டம்பர் வரை எழுதிய எண்களின் கூட்டுத்தொகை அதன் பிறகு வந்த மூன்று மாதத் தொகையைவிட மிகுந்திருக்கிறது. இதில் 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலால் பெய்த மழையை நான் சேர்க்கவில்லை. அன்று பாட்டில் நிரம்பி வழிந்துவிட்டதால், பொறுப்பிலிருந்த மாணவி எண்ணுக்குப் பதிலாக "ரொம்பிடுச்சு" என்று எழுதி வைத்திருந்தாள். கணக்கைப் பார்த்த ஒரு மாணவன், "சார், அப்போ நம்ம ஊரு தமிழ்நாட்டுல இல்லையா?" என்று கேட்டான். அவனுக்கு என்ன விடை சொல்வது?

மறுமொழி 1: மழைக்கணக்கன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். உங்கள் மாணவனும் சரி, பாடநூலும் சரி. பாடநூல் சொல்வது மாநிலம் முழுவதற்குமான சராசரி. தமிழ்நாட்டின் ஆண்டு மழை ஏறத்தாழ 92 செ.மீ.; அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானது வடகிழக்குப் பருவமான அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும், மூன்றில் ஒரு பங்கு தென்மேற்குப் பருவமான ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும் பெய்கிறது. இந்தக் கணக்கை வடகிழக்குப் பக்கம் சாய்ப்பவை கடலோர மாவட்டங்கள். நாகப்பட்டினத்தில் ஆண்டு மழையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு இந்த மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். கடலை விட்டு மேற்கே வர வர அந்தப் பங்கு தேய்ந்துகொண்டே வந்து, வேலூர், கிருஷ்ணகிரி ஆகிய மாவட்டங்களில் தென்மேற்குப் பருவ காலத்தின் கை ஓங்கிவிடுகிறது.

இங்கே "தென்மேற்குப் பருவமழை" என்ற பெயரே குழப்பத்தை உண்டாக்குகிறது. அது காற்றின் பெயர். உங்கள் ஊரில் பெய்வது கேரளத்தில் பெய்யும் மழை அன்று. அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போதே பெரும்பகுதி நீரை இறக்கிவிட்டு, இந்தப் பக்கம் சரிவில் இறங்கும்போது சூடேறி வறண்டுவிடுகிறது. ஆனி ஆடியில் உங்களுக்குக் காற்று பலமாகவும் மழை சொற்பமாகவும் இருப்பது அதனால்தான். பிறகு ஆவணி புரட்டாசியில் அந்த மேற்குக் காற்று தளரும் நாட்களில், நண்பகல் வெயில் தரையைக் காய்ச்ச, கிழக்கிலிருந்து ஈரம் உள்ளே வர, பிற்பகலில் இடிமேகங்கள் எழுகின்றன. அவை மெல்லக் கிழக்கே தள்ளப்பட்டு இரவில் கடற்கரையை அடைகின்றன. ஆகஸ்டு மாதத்தில் சென்னைக்காரர்கள் படுக்கப் போகும் நேரத்தில் கேட்கும் இடி, பெரும்பாலும் வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் மாலையிலேயே எழுந்ததாக இருக்கும்.

ஒரு சிறு யோசனை. மழை பெய்த நேரத்தையும் மாணவர்களை எழுதச் சொல்லுங்கள். செப்டம்பர் மழை பிற்பகலிலோ முன்னிரவிலோ இடியோடு வந்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். ஐப்பசி அடைமழையோ வங்கக் கடலில் உருவாகும் தாழ்வுப் பகுதியைச் சார்ந்தது. நேரம் காலம் பார்க்காமல் பெய்யும், கடற்கரையில் விடியற்காலையில் வலுக்கும். அளவை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நேரத்தைப் பார்த்தால் எந்த மழை என்று தெரிந்துவிடும்.

மறுமொழி 2: செங்கோட்டைச் சாரல்

மழைக்கணக்கன் ஐயா மலையைச் சுவர் என்று சொல்லாமல் சொல்லிவிட்டார்கள். அந்தச் சுவரில் வாசல்களும் உண்டு. எங்கள் செங்கோட்டைக் கணவாய் அவற்றுள் ஒன்று. ஜூன் மாதம் கேரளத்தில் மழை தொடங்கிய சில நாட்களில் இங்கே சாரல் விழத் தொடங்கும். குற்றாலத்தில் அருவி கொட்டும். நாங்கள் அதைச் "சீசன்" என்றே சொல்வோம். கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது, ஆனால் மழைமானியில் பார்த்தால் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் சேர்ந்திருக்காது. பேருந்தில் ஏறிக் கிழக்கே இரண்டு மணி நேரம் போனால் கோவில்பட்டிக் கரிசலில் அதே காற்று புழுதியை வாரி இறைக்கும். இன்னும் கிழக்கே தூத்துக்குடி உப்பளங்களுக்கு அந்த வறண்ட காற்றுதான் சோறு போடுகிறது. வடகிழக்குப் பருவமழை வந்தால்தான் அங்கே உப்பு வாருவதை நிறுத்துவார்கள். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு நெல் பருவங்கள் இருப்பதற்கும் இதுவே காரணம்: கார் சாகுபடிக்கு மேற்கே மலையில் பெய்யும் மழை அணையை நிரப்ப வேண்டும், பிசானத்திற்குக் கிழக்கிலிருந்து வரும் மழை வேண்டும்.

ஒன்றை மட்டும் ஆசிரியரிடம் மறுத்துச் சொல்ல விரும்புகிறேன். புயல் மழையைக் கணக்கிலிருந்து ஒதுக்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 90 செ.மீ.க்கு மேல் பெய்தது. ஓர் ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டியதைவிட அது அதிகம். அந்த நாளை நீக்கிவிட்டு அந்த ஊரின் மழையைப் பேச முடியுமா? வறண்ட மாவட்டங்களின் சராசரி இத்தகைய நாட்களையும் சேர்த்தே உருவானது.

மறுமொழி 3: ஆனைமலை அடிவாரம்

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஓரிரு வரிகள். பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டருக்கும் மேல் அகலமானது. அதன் வழியே ஆனி ஆடியில் வரும் குளிர்ந்த காற்றால்தான் ஜூலை மாதத்தில் கோயம்புத்தூரில் மின்விசிறி இல்லாமல் தூங்க முடிகிறது. அதே நேரம் வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறில் வானம் பொத்துக்கொண்டிருக்கும். மலை இறங்கி உடுமலைப்பேட்டை தாண்டித் தாராபுரம் போனால், காற்றாலைகள் சுழலும், மழை இராது. நீலகிரியில் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டு 8 அன்று பதிவான 82 செ.மீ.யும் தென்மேற்குப் பருவத்தின் கணக்குத்தான். ஆகவே ஒரே பருவம், ஒரே மாநிலம், ஒரே நாளில் மூன்று விதமாக இருக்கும். எங்கள் பக்கத்து மானாவாரிக்காரர்கள் இரு பருவமழைகளைத் தவிரச் சித்திரைக் கோடை மழையையும் எதிர்பார்ப்பார்கள். அதைப் பற்றி யாரும் எழுதவில்லை.

ஊத்தங்கரை ஆசிரியர்

மூவருக்கும் நன்றி. நேரத்தை எழுதும் யோசனை மாணவர்களுக்குப் பிடித்திருக்கிறது, "பள்ளி விட்ட பிறகு பெய்தால் யார் பார்ப்பது?" என்ற சண்டையும் உடனே தொடங்கிவிட்டது. புயல் மழையைச் சேர்க்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் "ரொம்பிடுச்சு" என்பதை எந்த எண்ணாக மாற்றுவது?

மறுமொழி 4: மழைக்கணக்கன்

செங்கோட்டை நண்பர் சொன்னதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்த ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரை அரசு மழைமானியில் 50 செ.மீ. பதிவானது. உங்கள் பள்ளி அதற்கு அருகில் இருந்தாலும் அந்த எண்ணை அப்படியே எடுத்து எழுத வேண்டாம். மழை ஊருக்கு ஊர் மாறும். பாட்டிலின் முழு உயரத்தை எழுதி "இதற்கு மேல்" என்று குறித்தால் போதும். இன்னொன்று: வானிலைத் துறையின் கணக்கில் காலை 8.30 மணிக்கு அளக்கும் மழை, அதற்கு முந்தைய 24 மணி நேரத்திற்கு உரியது. டிசம்பர் 1 அன்று பகலிலும் இரவிலும் கொட்டியது அவர்கள் பதிவேட்டில் டிசம்பர் 2 என்றுதான் இருக்கும். உங்கள் மாணவர்களும் காலை வழிபாட்டுக் கூட்டத்திற்கு முன்பு, தினமும் ஒரே நேரத்தில் அளந்தால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அடுத்த முறை கொஞ்சம் உயரமான பாட்டிலாக வையுங்கள்.